டிவியில் சமைக்க 45,000 ரூபாய் கட்டணுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது, ஊர் கல்லிடைக்குறிச்சி. சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி என்று நம்ம ஊர்ச் சமையலை வீடியோ எடுத்துப் போட்டு வருகிறேன். சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்து, பெரிய சேனலில் சமையல் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆக்குகிறேன், போட்டோ ஷூட்டும் பயிற்சியும் சேர்த்து 45,000 ரூபாய் என்கிறார். மூன்று வருட ஒப்பந்தமும் அனுப்பியிருக்கிறார். வீட்டுக்காரர் கட்டிவிடலாம் என்கிறார், அத்தை வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: அத்தை சொல்வதைக் கேளுங்கள். கட்டாதீர்கள்.

இதோடு விட்டால் "சேனல் ஐடி கார்டைக் காட்டினாரே" என்பீர்கள், தங்கச்சி. இருபது வருடத்துக்கு மேல் சமையல், லைஃப்ஸ்டைல் நிகழ்ச்சிகளுக்குத் தயாரிப்பு வேலை பார்த்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருக்கிறேன், இந்தப் போன் கதையை வருடத்துக்கு நாலு பேராவது என்னிடம் வந்து சொல்கிறார்கள். தொகுப்பாளருக்கு எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசி நாங்கள்தான் பணம் கொடுப்போம். ஸ்கிரீன் டெஸ்ட்டுக்குக் காசு கிடையாது. ஐடி கார்டு எந்த ஜெராக்ஸ் கடையிலும் அடிக்கலாம். முதலில் 45,000, அப்புறம் மெம்பர்ஷிப், அப்புறம் "ஜிஎஸ்டி தனி மேடம்", கடைசியில் ஏதோ ஒரு வாடகை ஸ்டுடியோவில் நாலு போட்டோ எடுத்துக் கையில் ஒரு ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு நம்பரை மாற்றிவிடுவார்கள். இதைவிட மோசம், "உங்கள் சேனலை நாங்கள் வளர்த்துத் தருகிறோம்" என்று யூடியூப் பாஸ்வேர்டு கேட்பது. பணம் போனாலும் சம்பாதித்துக்கொள்ளலாம், சேனல் போனால் போனதுதான்.

பணம் கட்டுவது நியாயமான ஒரே ஒரு இடம் இருக்கிறது, அதைக் காட்டித்தான் உங்களைக் குழப்புவார்கள் என்பதால் சற்று நிறுத்திச் சொல்கிறேன். சில சேனல்களில் காலை, மதிய நேரத்தை அரை மணி, ஒரு மணி என்று தனித் தயாரிப்பாளர்கள் விலைக்கு எடுப்பார்கள், எடுத்த காசை விளம்பரத்தில் மீட்பார்கள். நீங்களே மசாலாப் பொடியோ அப்பளமோ (உங்கள் ஊரில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை) தயாரித்து விற்பவராக இருந்தால், அந்த நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் கொடுத்துவிட்டு நீங்களே வந்து சமைத்தும் காட்டலாம். தப்பில்லை. ஆனால் அது விளம்பரச் செலவு, வேலை இல்லை. கடைக்கு போர்டு வைப்பது மாதிரி. அப்படிக் கொடுப்பதானாலும் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் கொடுக்க வேண்டும், ஜிஎஸ்டி பில் வேண்டும், எந்தத் தேதி எத்தனை மணிக்கு எத்தனை எபிசோடு என்று எழுத்தில் வேண்டும், ஒளிபரப்பான பிறகு டெலிகாஸ்ட் சர்டிபிகேட் வேண்டும். விற்க உங்களிடம் பொருள் எதுவும் இல்லையே? அப்படியானால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை, அவர் என்ன விளக்கம் சொன்னாலும் இல்லை.

ஒப்பந்தம். மூன்று வருடம் வேறு எங்கும் வேலை செய்யக்கூடாது என்று இருக்கும், அதை நீக்கச் சொல்லுங்கள். "உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், என்றென்றும்" என்று ஒரு வரி இருக்கும், அதில் உங்கள் பழைய வீடியோக்களும் சேர்ந்து போகும். உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றுதான் 1957 பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) எடுத்துக்கொள்ளும். ஆகவே தெரியாத்தனமாகக் கையெழுத்துப் போடுவதைவிட அந்த வரியை எழுதாமல் விடுவதே மேல். சொதிக் குறிப்பைத் திருடிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம், சமையல் முறை யாருக்கும் சொந்தமில்லை.

சரி, உண்மையான வழி என்ன? செஃப் தாமு ஓட்டல் துறையிலிருந்து வந்தவர், ரேவதி சண்முகம் வீட்டுச் சமையலோடு வந்தவர். இரண்டு வழியும் உண்டு. ஆனால் ஆடிஷன் எப்போது, எங்கே என்று வெளிப்படையாக அறிவிக்கிற பழக்கம் நம் சேனல்களுக்கு லேசில் வராது. எல்லாம் சென்னை வடபழனி, சாலிகிராமத்துக்குள்ளேயே யாரோ யாருக்கோ சொல்லி முடிந்துவிடும், நெல்லையிலிருந்து போன் செய்தால் எடுக்க ஆள் இல்லை, புரோக்கர் பிழைப்பதே இந்தச் சந்தில்தான். வாய்ப்பு வந்தாலும் ஒரே நாளில் நாலைந்து எபிசோடு எடுப்பார்கள், பணம் இரண்டு மூன்று மாதம் கழித்து, 10 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரி) பிடித்துக்கொண்டு வரும், புடவை பெரும்பாலும் உங்களுடையது. வந்தே பாரத் ஓடுவதால் போய்வருவது மட்டும் 2023-லிருந்து சுலபம்.

அங்கே பார்ப்பது முகத்தை மட்டும் இல்லை. ஒருமுறை சொதி எடுத்தோம். இரண்டாம் தேங்காய்ப் பாலில் காய் வெந்து, முதல் பால் ஊற்றி இறக்குகிற நேரம், மைக் பிரச்சினை என்று ரீடேக். அடுப்பை யாரும் அணைக்கவில்லை, பால் திரிந்துபோனது. முதல் பாலை மூன்று கிண்ணமாகப் பிரித்து வைத்துக்கொள்ள அன்றுதான் படித்தோம். வந்திருந்த அம்மா அசரவில்லை. மறுவீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளைக்குச் சொதி ஊற்றுகிற கதையைச் சொல்லிக்கொண்டே புதுச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார், எடிட்டிங்கில் ஒட்டே தெரியவில்லை. அடுத்த 13 எபிசோடுக்கு அவரையே கூப்பிட்டோம்.

முன்பணமாக ஏதாவது ஏற்கனவே அனுப்பியிருந்தால் இன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், தாமதித்தால் பணத்தை நிறுத்த முடியாது. காவல் நிலையத்தில் "இது சின்னத் தொகைம்மா" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

இல்லையென்றால் அந்த 45,000-ஐ பேங்கில் போட்டுவிட்டு, மூன்று நிமிடம், வெட்டு இல்லாமல், ஒரே டேக்கில் ஒரு சொதி வீடியோ எடுங்கள். தயாரிப்பு நிறுவனங்களுக்கு அனுப்ப அதுதான் உங்கள் போர்ட்ஃபோலியோ. மிக்ஸி ஓடும்போது மட்டும் பேசாதீர்கள்.