ஆடிஷ் குடும்பம் பத்தி என்ன வேணாலும் கேளுங்க

ஆடிஷ், க்ளூம், வைல்ப்ளூம், பெலாசம். இன்னிக்கு இந்த நாலு போகிமான் மட்டும்தான். ஆடிஷ் லெவல் ஏறி க்ளூமாகும், க்ளூமுக்கு லீஃப் ஸ்டோன்ங்கற கல்ல வச்சா வைல்ப்ளூம், சன் ஸ்டோன் வச்சா பெலாசம். சண்டைல எப்படி ஓட்டறது, எந்தக் கல்லு, போகெடெக்ஸ்ல, அதாவது ஆட்டத்துக்குள்ள இருக்கற போகிமான் குறிப்பேட்டுல, என்ன எழுதியிருக்கு, எல்லாம் கேளுங்க. ஒரே ஒரு விஷயத்த முன்னாடியே சொல்லிடறேன், க்ளூம் கைக்கு வந்த உடனே கல்லைத் தூக்கிட்டு ஓடாதீங்க. காரணம் கீழ வரும், படிக்காமலே போறவங்களுக்காக மேலயே போட்டேன்.

புதுஆட்டக்காரன்: அக்கா, பழைய போகிமான் ரெட் ஆட்டம் இப்பதான் முதல்தடவையா ஆடறேன், சார்மாண்டர் எடுத்துட்டேன், செரூலியன் ஊர் ஜிம் தலைவி மிஸ்டிகிட்ட மாட்டிட்டு முழிக்கறேன். ஸ்டார்மி என் டீம் மொத்தத்தையும் அடிச்சுடுது. ஆடிஷ் உதவுமா?

நல்லாவே உதவும் தம்பி. செரூலியனுக்கு வடக்க பாலம் தாண்டினா ரூட் 24, 25 வரும், அங்க புல்லுல நட. ரெட்ல ஆடிஷ் கிடைக்கும், ப்ளூவா இருந்தா அந்த எடத்துல பெல்ஸ்ப்ரவுட்தான் வரும். 12லயிருந்து 14 லெவலுக்குள்ளதான் கிடைக்கும், அத அப்படியே தூக்கிட்டு ஜிம்முக்குள்ள போயிடாத. 15ல பாய்சன் பவுடர், 17ல ஸ்டன் ஸ்போர், 19ல ஸ்லீப் பவுடர் வரும், அந்த 19 வரைக்கும் பொறுமையா வளர்த்துட்டுப் போ. மிஸ்டியோட ஸ்டார்மி 21 லெவல், சைக்கிக் டைப்பும் சேர்ந்ததுதான், ஆனா அந்த ஆட்டத்துல அதுகிட்ட சைக்கிக் அடி ஒண்ணுகூட கிடையாது, டாக்கிள், வாட்டர் கன், பபிள் பீம், அவ்ளோதான். தண்ணி அடி ஆடிஷ் மேல பாதிதான் ஏறும். நீ தூங்க வச்சுட்டு அப்சார்ப் போட்டுக்கிட்டே இரு, அதோட பவர் 20தான், ஆனா வாட்டர் மேல ரெட்டிப்பு, அப்சார்ப்பும் ஆடிஷும் ஒரே க்ராஸ் (புல்) டைப்ங்கறதால அதுக்கு மேல ஒன்றரை மடங்கு, போதாததுக்கு உன் உயிரும் கொஞ்சம் ஏறும். ரெட், ப்ளூ வந்த முதல் தலைமுறைல தூக்கம் தெளியற டர்ன்ல அது அடிக்கவும் முடியாது, அதனால தூக்கத்துக்கு இப்ப இருக்கறதவிட அப்ப மதிப்பு ஜாஸ்தி. ஸ்லீப் பவுடர் நாலுல மூணு தடவதான் படும், முதல் தடவ தவறிப்போச்சுன்னா பதறாத.

ஒரு எச்சரிக்கை. ரெட், ப்ளூ, யெல்லோல மட்டும் பக் டைப் அடி பாய்சன் மேலயும் ரெட்டிப்பா ஏறும், க்ராஸ் மேலயும் ரெட்டிப்பு, அப்ப ஆடிஷுக்கு நாலு மடங்கு. பீட்ரில் ட்வின்நீடில் எடுத்தா உடனே மாத்திடு. கோல்ட், சில்வர்ல இத சரி பண்ணிட்டாங்க.

நிலாப்பூ: வைல்ப்ளூமா பெலாசமா? எது பெஸ்ட்?

இது கண்டிப்பா வரும்னு தெரியும், அதனால ஒரு தடவ முழுசா சொல்லிடறேன். ரெண்டுக்கும் மொத்த ஸ்டாட் ஒண்ணுதான், 490. உயிர் 75, வேகம் 50, அதுவும் ஒண்ணு. வைல்ப்ளூமுக்கு ஸ்பெஷல் அட்டாக் 110, டிஃபென்ஸ் 85, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 90. பெலாசமுக்கு ஸ்பெஷல் அட்டாக் 90, டிஃபென்ஸ் 95, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 100. எண்ண மட்டும் பார்த்தா பெலாசம்தான் கெட்டின்னு தோணும், ஆனா முடிவு பண்றது டைப்புதான். வைல்ப்ளூம் க்ராஸோட பாய்சன், அதனால ஃபைட்டிங், ஃபேரி ரெண்டையும் தாங்கும், அதுக்கு விஷம் ஏறாது, பதிலுக்கு சைக்கிக்ல அடி வாங்கும். பெலாசம் வெறும் க்ராஸ், க்ரவுண்ட் அடிய பாதியாக்கும், ஆனா பக், பாய்சன் ரெண்டும் பலவீனமா வந்து சேருது. ஃபயர், ஐஸ், ஃப்ளையிங் ரெண்டுக்குமே ஆகாது.

எதிராளிய நோகடிச்சுக்கிட்டே களத்துல நிக்கணும்னா வைல்ப்ளூம். ஸ்லீப் பவுடர், ஸ்ட்ரெங்த் சாப், ஸ்லட்ஜ் பாம், இது மூணும் இருந்தா கையால அடிக்கற எந்த போகிமானும் அது முன்னாடி நிக்க கஷ்டப்படும், ஏன்னா ஸ்ட்ரெங்த் சாப் எதிராளி அட்டாக்க ஒரு படி குறைச்சு அந்த அட்டாக் எவ்ளோவோ அவ்ளோ உயிர உனக்குத் தரும். பெலாசம் வேற ஆளு, க்விவர் டான்ஸ் ஒண்ணு போட்டா ஸ்பெஷல் அட்டாக், ஸ்பெஷல் டிஃபென்ஸ், வேகம் மூணும் ஒண்ணா ஏறும், ரெண்டு தடவ ஆட நேரம் கிடைச்சா எதிர் டீம் காலி. ஆட்டத்தோட கதைய முடிக்கறதுக்கு மட்டும்னா நான் வைல்ப்ளூம்தான் சொல்லுவேன், அது தப்பு பண்ணினாலும் தாங்கும். கல்லு வச்சு மாத்தறத பி பட்டன அழுத்தி நிறுத்த முடியாது, மாறினா மாறினதுதான், அதனால அவசரப்படாதீங்க.

ஓடிப்பிடி: போகிமான் கோல எத்தன கேண்டி வேணும்?

க்ளூமுக்கு 25. அதுக்கப்புறம் வைல்ப்ளூமுக்கு 100, பெலாசமுக்கு 100 கேண்டியோட ஒரு சன் ஸ்டோன். கோல மத்ததெல்லாம் அத தினமும் ஆடறவங்ககிட்ட கேளுங்க.

கல்லுளிமங்கன்: கல்லு அவசரப்படாதன்னு ரெண்டு தடவ சொல்லிட்டீங்க, ஏன்னு சொல்லவே இல்லையே? சீக்கிரம் மாத்தினா சீக்கிரம் பலம்தானே?

ஸ்டாட் சீக்கிரம் ஏறும், நிஜம்தான். ஆனா லெவல் ஏற ஏற கத்துக்கற அடி, அதாவது மூவ், நின்னு போயிடும். ரெட்ல ஆடிஷ் 21ல க்ளூமாகும், அந்த க்ளூம் 38ல பெட்டல் டான்ஸ் கத்துக்கும், 52ல சோலார் பீம். செலடான் கடைல லீஃப் ஸ்டோன் 2100க்கு விக்கறாங்களேன்னு 25ல வாங்கி வச்சிட்டீங்கன்னா, அந்த வைல்ப்ளூம் லெவல் ஏறி ஏறி இனி புதுசா ஒண்ணுமே கத்துக்காது. அதோட பட்டியல்ல மிச்சம் இருக்கறது 15, 17, 19ல வர மூணு பவுடர்தான், அதெல்லாம் ஆடிஷா இருக்கறப்பவே வந்தாச்சு. மறந்த மூவ திரும்பச் சொல்லிக்கொடுக்கற ஆளும் அந்த ஆட்டத்துல கிடையாது. உங்க வைல்ப்ளூம் கடைசி வரைக்கும் அப்சார்ப் அடிச்சுக்கிட்டு இருக்கும், பார்க்கவே பாவமா இருக்கும். ஸ்கார்லெட், வயலட்ல மெனுலயே பழைய மூவ எடுத்துக்கலாம், அங்க இந்தப் பயம் ரொம்பக் கம்மி. பழைய ஆட்டம்னா க்ளூமாவே 38 வரைக்கும் வச்சிருங்க.

செடிக்கிறுக்கன்: எனக்கு சண்டை வேணாம், ஒரு சந்தேகம். வைல்ப்ளூம் ராஃப்லேசியாவப் பார்த்து வரைஞ்சதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜ ராஃப்லேசியாக்கு இலையே கிடையாது, பச்சையமும் கிடையாது. அப்புறம் எப்படி அதுக்கு குளோரோஃபில்ங்கற திறமையக் கொடுத்தாங்க? அதுலயும் லீஃப் ஸ்டோன் வச்சா மாறுது! சுத்தமா தப்பு.

இந்தக் கேள்விக்காகவே உக்காந்திருந்தேன். ராஃப்லேசியாதான், சந்தேகமே வேணாம், ஜப்பான் பதிப்புல அதோட பேரே அதுதான். சுமத்ரா, போர்னியோ காடுகள்ல வளரற ராஃப்லேசியா அர்னால்டி, தனிப் பூன்னு எடுத்தா உலகத்துலயே பெருசு, ஒரு மீட்டர் அகலம் வரும். இலை இல்ல, தண்டு இல்ல, வேர் இல்ல. டெட்ராஸ்டிக்மான்னு திராட்சைக் குடும்பத்துக் கொடி ஒண்ணு, அதுக்குள்ள நூல் நூலா பரவி அதுகிட்டயிருந்தே உறிஞ்சி வாழும், பூக்கறப்ப மட்டும்தான் வெளிய தெரியும். நீங்க சொன்ன பச்சையம் விஷயம் சரிதான்.

ஆனா தேதியப் பாருங்க. வைல்ப்ளூம வரைஞ்சது 1996ல வந்த முதல் ஆட்டத்துக்கு. திறமைங்கற விஷயமே 2002ல ரூபி, சஃபையர்லதான் வந்துச்சு. அப்ப க்ராஸ் டைப்ல நிறைய பேருக்கு குளோரோஃபில்ல பிரிச்சுக் கொடுத்தாங்க, இந்தக் குடும்பம் மொத்தத்துக்கும் அதுவே போச்சு. வரைஞ்ச நேரத்துல அந்த முரண் இல்லவே இல்ல. வைல்ப்ளூம் படத்த உத்துப் பாருங்க, ஆடிஷ் தலைல இலை இருக்கு, க்ளூம் தலைல பூவோட இலையும் இருக்கு, வைல்ப்ளூம்கிட்ட ஒரு இலைகூட கிடையாது. அஞ்சு இதழ், கீழ உடம்பு, அவ்ளோதான். வரைஞ்சவங்க நிஜப் பூவ நல்லாவே பார்த்திருக்காங்க.

பழையகார்ட்டு: எங்கிட்ட ஒரு வைல்ப்ளூம் அட்டை இருக்கு, என்ன விலை போகும்?

அட்டை பத்தி நான் பேசறதில்ல. அத சேகரிக்கறவங்ககிட்ட காட்டுங்க.

மழைத்துளி: அக்கா வைல்ப்ளூம் நல்லதா பெலாசம் நல்லதா?

மேல நிலாப்பூக்கு சொன்னதப் படிங்க. நின்னு தாங்க வைல்ப்ளூம், ஆடி அடிக்க பெலாசம்.

செடிக்கிறுக்கன்: தேதிய ஒத்துக்கறேன். ஆனா இன்னொண்ணு இடிக்குது. லீஃப் ஸ்டோன் வச்சா இலையே இல்லாத வைல்ப்ளூம் வருது, சன் ஸ்டோன் வச்சா இலைப்பாவாடை கட்டின பெலாசம் வருது. கல்லு ரெண்டும் இடம் மாறிப்போன மாதிரி இல்ல?

அட, அருமையா பிடிச்சிருக்கீங்க. ஆனா பெலாசம் பக்கம் சன் ஸ்டோன் கச்சிதமா பொருந்துது. கோல்ட், சில்வர் போகெடெக்ஸ்லயே அதுங்க கூடி ஆடறது சூரியன வரவழைக்கற சடங்குன்னு சொல்றாங்கன்னு இருக்கும், ரூபி, சஃபையர்ல ராத்திரியானா இதழ மூடிட்டு தூங்கும்னு வரும். இந்தக் குடும்பத்துல குளோரோஃபில் நிஜமாவே பொருந்தற ஆளு அதுதான். லீஃப் ஸ்டோன் பக்கம் உங்க பேச்சுதான் சரி, அதுக்கு எங்கிட்ட மறுப்பு இல்ல.

இதவிட எனக்குப் பிடிச்ச முரண் வாசனைல இருக்கு. நிஜ ராஃப்லேசியா அழுகின மாமிச நாத்தம் அடிச்சு ஈக்களக் கூப்பிடும், ஆனா ஆட்டத்துல நாத்தத்துக்குப் பேர்போனது க்ளூம், ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நிக்கறவங்களும் மயங்கலாம்னு போகெடெக்ஸ் சொல்லுது. வைல்ப்ளூமுக்கு மகரந்தம், ஒவ்வொரு அடி வைக்கறப்பவும் விஷத்தூள் மேகமா கொட்டும். நிஜப் பூவுல மகரந்தம் தூளே கிடையாது, பிசுபிசுன்னு கூழா இருக்கும், ஈயோட முதுகுல ஒட்டிக்கிட்டுதான் போகும். ஒரு பூவோட நாத்தத்த ஒரு படிக்கும் பெரிய இதழ அடுத்த படிக்கும் பிரிச்சுக் கொடுத்துட்டு, மகரந்தத்த மட்டும் சொந்தமா கட்டியிருக்காங்க.

வேர்க்கடி: குறுக்க பேசறேன், மன்னிக்கணும். ஆடிஷ் மாண்ட்ரேக்தானே? பிடுங்கினா கத்தும்னு போகெடெக்ஸ்லயே இருக்கு. மாண்ட்ரேக் எப்படி ராஃப்லேசியாவா மாறும், ரெண்டும் வேற வேற குடும்பம்.

ஆமா, பிடுங்கினா அலறும்ங்கறது மாண்ட்ரேக் வேர் பத்தின பழைய ஐரோப்பியக் கதையேதான். மாண்ட்ரேக் நம்ம ஊமத்தை இருக்கற கத்தரிக் குடும்பத்துச் செடி, அந்த வேர ஒரு காலத்துல அங்க மயக்க மருந்தாவே பயன்படுத்தினாங்க, ஆடிஷோட ஸ்லீப் பவுடர் எனக்கு அதத்தான் ஞாபகப்படுத்தும். ஆனா ஒரே தாவரத்த மூணு படியா வளர்த்தாங்கன்னு நினைச்சா தலை சுத்தும். படிக்குப் படி வேற செடிலயிருந்து எடுத்திருக்காங்க, மொத்தத்தயும் கட்டிப்போடற கயிறு ராத்திரிதான். ஆடிஷ் பகல்ல மண்ணுக்குள்ள முகம் புதைச்சுக் கிடக்கும், நிலா வெளிச்சம் பட்டா எழுந்து ரெண்டு வேரால 1000 அடி கிட்ட நடந்து விதை தூவும். மூன்லைட்ங்கற மூவ் இந்தக் குடும்பத்துக்கு வந்தது அதனாலதான்னு நான் உறுதியா நம்பறேன்.

நாத்தம்: க்ளூமோட மறைஞ்ச திறமை நாத்தம்தானே, அது சண்டைல வேலை செய்யுமா?

ஸ்டெஞ்ச், நம்ம அடி படறப்ப 10 சதவீதம் எதிராளி தடுமாறும், முதல்ல அடிச்சாதான் பிரயோஜனம், க்ளூம் வேகம் 40. ஆனா முன்யோசனை வேணும், மறைஞ்ச திறமை உள்ள ஆடிஷ் வைல்ப்ளூமானா எஃபெக்ட் ஸ்போர், தொட்டு அடிக்கறவங்களுக்கு 30 சதவீதம் விஷமோ முடக்கமோ தூக்கமோ, ரொம்ப நல்லது. அதே ஆடிஷ் பெலாசமானா ஹீலர், அது பக்கத்துல நிக்கற கூட்டாளிக்குத்தான், தனிச்சண்டைல சுத்தமா வீண். பெலாசம் எண்ணம் இருந்தா சாதா ஆடிஷே எடுங்க.

ராஜாளி99: வைல்ப்ளூம் vs பெலாசம்??

மேல ரெண்டு எடத்துல இருக்கு. மூணாவது தடவ எழுத மாட்டேன்.

வெயில்காயுது: சன் டீம்ல இதுங்கள வைக்கலாமா?

வைக்கலாம். வெயில் இருக்கறப்ப குளோரோஃபில் வேகத்த ரெட்டிப்பாக்கும், சோலார் பீம் காத்திருக்காம உடனே போகும், மூன்லைட் பாதி உயிருக்குப் பதிலா மூணுல ரெண்டு பங்கு தரும். ஆனா அதே வெயில் எதிராளியோட ஃபயர் அடியயும் ஒன்றரை மடங்காக்கும், நீங்க க்ராஸ், அத மறந்துட்டு நின்னா ஒரே அடில போயிடும். இன்னொண்ணு, எக்ஸ், ஒய்லயிருந்து, அதாவது 2013க்கு அப்புறம், க்ராஸ் டைப் மேல எந்தப் பவுடரும் வேலை செய்யாது. இன்னமும் நிறைய பேர் எதிர் க்ராஸ் மேல ஸ்லீப் பவுடர் போட்டு ஒரு டர்ன வீணாக்கறாங்க.

வண்டுமாமா: கோல்ட் ஆடறேன், சன் ஸ்டோன் எந்தக் கடைலயும் இல்லையே?

கடைல வராது மாமா. நேஷனல் பார்க்ல செவ்வாய், வியாழன், சனி பூச்சி பிடிக்கற போட்டி நடக்கும், முதல் பரிசு அதுதான். சைதரோ பின்சரோ வந்தா விடாதீங்க, மிச்சம் இருக்கற உயிருக்கும் மதிப்பெண் உண்டு, அதனால அடிச்சு நொறுக்காம தூங்க வச்சுப் பிடிங்க. போட்டிக்கு ஒரே ஒரு போகிமான்தான் கூட வரும், ஸ்லீப் பவுடர் இருக்கற க்ளூமையே கூட்டிட்டுப் போங்க.