டிசம்பரில் கிளம்புகிறவரும் ஜனவரி வாய்தாவும்

கேள்வி: நியூயார்க்கில் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் ஐந்தாவது வருட அசோசியேட், அதாவது சம்பளத்துக்கு வேலை செய்யும் வக்கீல் நான். ஆறு மாதத்துக்கு என்னை இதே நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் உள்ள இலவச சட்ட உதவி அமைப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். சம்பளம் எங்கள் நிறுவனமே தருகிறது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகள்தான் வேலை. பிடித்திருக்கிறது, ஆனால் நிறுவனத்தில் பங்குதாரராகும் பார்ட்னர் வரிசையில் பின்தங்கிவிடுவேனோ என்று பயம். பேத்தியை வளர்க்கும் ஒரு பாட்டி என்னை 'மிஹோ' என்று கூப்பிடுகிறார், ஸ்பானிஷில் மகனே என்று அர்த்தம். அவர் வழக்கு ஜனவரிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. டிசம்பரில் நான் திரும்பிவிடுவதை இன்னும் சொல்லவில்லை, வீணாகக் கலவரப்படுத்துவானேன் என்று. இந்த வேலையில் முழுமூச்சாக இறங்குவதா, பட்டும் படாமல் இருப்பதா?

பதில்: தம்பி, பார்ட்னர் பயத்தோடு எனக்கு எத்தனையோ கடிதம் வந்திருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். 'இன்னும் சொல்லவில்லை' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதைப் பேசுவோம்.

என் அப்பா தஞ்சாவூரில் வக்கீல் குமாஸ்தா. ஒரு ஜூனியர் வேறு ஊருக்குப் போனபோது கேஸ் கட்டுகள் ஒழுங்காகக் கைமாறின, கட்சிக்காரர்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. வாய்தா அன்றைக்கு ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு வேப்ப மரத்தடியில் நின்று அந்த ஜூனியரின் முகத்தையே தேடிக்கொண்டிருந்திருக்கிறார், உள்ளே மூன்று முறை பெயர் கூப்பிட்டு எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது, அதாவது அவர் வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

நீங்கள் நிற்கிற இடம் என்ன இடம் என்று உங்களுக்கே தெரியும். குற்ற வழக்கில் ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-லேயே சொல்லிவிட்டது, வீடு பறிபோகிற வழக்குக்கு அந்த உரிமை இல்லை. அதற்கென்று முதலில் சட்டம் போட்ட அமெரிக்க நகரம் நியூயார்க், அதுவும் 2017-ல்தான். அதுவரை அந்தக் கோர்ட் வராந்தாவில் வீட்டுக்காரரின் வக்கீல் நீட்டிய ஒப்பந்தத்தில், படித்துப் புரிந்தோ புரியாமலோ, குடியிருப்பவர்கள் தனியாக நின்று கையெழுத்துப் போட்டார்கள். ஜனவரியில் உங்கள் பாட்டி அதே வராந்தாவில் உங்களைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டுமா?

உங்கள் நிறுவனத்தில் ஒரு வாரம் லீவு போட்டால்கூட, யார் பொறுப்பு என்று கம்பெனி கட்சிக்காரருக்கு மெயில் போகுமா போகாதா? காசு கொடுப்பவருக்கு ஒரு மரியாதை, இவருக்கு ஒரு மரியாதையா? கட்சிக்காரருக்கு விஷயத்தைத் தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உங்கள் ஊர் வழக்கறிஞர் விதி 1.4, அது இலவச வழக்குக்கும்தான். விதியை விடுங்கள். மகனே என்று ஒருத்தி கூப்பிட்டு நீங்களும் அதற்குத் திரும்பிப் பார்த்துவிட்டீர்கள், ஊருக்குக் கிளம்பும் தேதியை மறைத்து வைக்கிற மகனை நான் மகன் என்று சொல்ல மாட்டேன்.

இன்றே அமைப்பின் மேலாளரிடம் உட்கார்ந்து ஜனவரிக்கு யார் வருவார் என்று பெயர் வாங்குங்கள். அப்புறம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பாட்டியிடம் சொல்லுங்கள், அந்தப் புது வக்கீலை நேரிலேயே அறிமுகப்படுத்துங்கள். சமையலறைக் கூரை ஒழுகுகிற போட்டோ, வாடகை ரசீது, பேத்தியின் பள்ளிக்கூட நேரம் என்று உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பதெல்லாம் கேஸ் கட்டுக்குள் எழுத்தாக இருக்கட்டும். பார்ட்னர் விஷயத்தை அதன் பிறகு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.