நள்ளிரவில் உதறும் கை

கேள்வி: மதுரை சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் 16 ஆண்டுகளாக டிடிபி வேலை பார்க்கிறேன். வயது 41. முகூர்த்த மாதங்களில் நாள் முழுக்கக் கல்யாணப் பத்திரிகைதான். இரண்டு மாதமாக வலது கை மரத்துப்போய் நடு இரவில் எழுப்பிவிடுகிறது, உதறினால்தான் சரியாகிறது. பிடரியும் கல்லாக இறுகிவிட்டது. சுளுக்கு என்று மாமியார் எண்ணெய் தேய்க்கிறார். வேலையை விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, ஆனையூர்

பதில்: வேலையை விடும் யோசனை இப்போது வேண்டாம், சகோதரி. அடுத்த முறை கை மரக்கும்போது விளக்கைப் போட்டு எந்த விரல்கள் என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்து, சுண்டுவிரல் மட்டும் தப்பியிருந்தால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்றே சந்தேகிக்க வேண்டும். ஒரு குறுகலான வழியில் 9 தசைநாண்களோடு அந்த ஒற்றை நரம்பும் நெருக்கியடித்துப் போகிறது. தூங்கும்போது கை மடங்கினால் நெருக்கடி கூடும். உதறினால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். சுண்டுவிரல்தான் மரக்கிறது என்றால் கோளாறு முழங்கையிலோ கழுத்திலோ இருக்கலாம்.

எல்லாப் பழியையும் கீபோர்டு மேல் போட எனக்கு மனமில்லை. சர்க்கரையும் தைராய்டு குறைவும் இதே வேலையைச் செய்யும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். வாளி வாளியாக ஈரத்துணி பிழிவதும் அதே மணிக்கட்டுதான். அதை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஸ்பிளின்ட் ஒன்றை, இறுக்காமல், ஆறு வாரம் போட்டுத் தூங்குங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும்.

பிடரி வலிக்குக் காரணம் உங்கள் மேஜையிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தாள் கீபோர்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கிடக்கும். தாத்தா பாட்டி தொடங்கி தாய்மாமன்கள் வரை ஒவ்வொரு பெயருக்கும் குனிந்து நிமிர்கிறீர்கள். அந்தத் தாளைத் திரைக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். மேஜை உயரமாக இருந்தால், முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை ஏற்றுங்கள். கால் அந்தரத்தில் தொங்குமே என்றால், அச்சகத்தில் ஏ4 தாள் கட்டுக்கா பஞ்சம்? 500 தாள் கட்டு ஒன்று ஏறக்குறைய 5 செ.மீ. உயரம், இரண்டை அடுக்கிக் காலடியில் வையுங்கள். மவுஸ் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். முதலாளி முறைத்தால் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லுங்கள்.

ஆறு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, கட்டைவிரலின் அடிச்சதை வற்றினாலோ, டம்ளர் கை நழுவினாலோ தள்ளிப்போடாமல் அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போய்விடுங்கள். சதை வற்றிய பிறகு முழுதாக மீட்பது கடினம்.

மாமியாரின் எண்ணெயை நிறுத்த வேண்டாம். இதமாக நீவிவிடட்டும். சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போய் மணிக்கட்டை மடக்கி இழுக்க மட்டும் விடாதீர்கள்.