ஃபிளாஸ்கிலிருந்து டேங்குக்கு

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் நொதிகள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு ஆண்டு உழைத்து நாங்கள் உருவாக்கிய பிச்சியா ஈஸ்ட் ரகம் ஃபிளாஸ்கில் நன்றாக விளைச்சல் தருகிறது. 500 லிட்டர் டேங்கில் மூன்று முறையும் படுத்துவிட்டது. நிதித்துறையிலிருந்து வந்த எங்கள் தலைவர், திட்டத்தை மூடிவிட்டு வெளிநாட்டு ரகத்தை லைசென்ஸுக்கு வாங்கலாம் என்கிறார். உயிரியல் தெரியாதவர் இப்படிப்பட்ட நிறுவனத்தை நடத்தலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நடத்தலாம். ஹைதராபாத்தில் 1993-ல் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்ற தடுப்பூசி நிறுவனத்தைத் தொடங்கிய வரபிரசாத் ரெட்டி மின்னணுப் பொறியாளர். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அன்று இறக்குமதிச் சரக்கு. ஒரு டோஸ் ஏறத்தாழ 23 டாலர். தொழில்நுட்பம் கேட்டு வெளிநாட்டுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர் அவர். 1997-ல் அவருடைய ஷான்வாக்-பி என்ற அதே நோய்க்கான தடுப்பூசி ஒரு டாலர் அளவிலான விலைக்கு வந்தது. அதுவும் உங்கள் பிச்சியாவில் விளைந்ததுதான். விற்க ஒரு பொருளும் இல்லாத நான்கு ஆண்டுகள் ஆய்வாளர்களை அவர் கலையவிடவில்லை. எனக்கு விலையைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது.

ஆகவே உங்கள் தலைவர் என்ன படித்தார் என்பதை விடுங்கள். அவர் டேங்க் பக்கம் வருகிறாரா? நீங்கள் போகிறீர்களா?

இதைக் கேட்கக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஆலையிலும் இதே ஈஸ்ட், இதே தோல்வி. ரகம்தான் பழுது என்று ஆய்வுப் பிரிவு மாதக்கணக்கில் மரபணுவைத் திருத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் இரவு ஷிஃப்டின் பேட்ச் ரெக்கார்டை, அதாவது ஒவ்வொரு முறை டேங்க் ஓடும்போதும் எழுதும் குறிப்பேட்டை, புரட்டினேன். '2.40. நுரை ஏறியது. காற்றைக் குறைத்தேன்' என்று பென்சிலில் ஒரு வரி. முந்தைய பேட்ச்சிலும் அதே வரி, அதே கையெழுத்து. நுரை மேலேறி வடிகட்டியை அடைத்துவிடுமே என்று அந்த ஆபரேட்டர் நல்லெண்ணத்தில் செய்தது அது. ஆனால் நொதியை விளைவிக்கத் தீனியாகச் சொட்டவிடும் மெத்தனால் என்ற ஆல்கஹாலைத் தின்னும் நேரத்தில்தான் பிச்சியாவுக்கு மூச்சு அதிகம் வாங்கும். காற்று குறைந்ததும் அது தின்பதை நிறுத்திவிட்டது. மெத்தனாலோ சொட்டிக்கொண்டே இருந்தது. தேங்கிய மெத்தனால் அதற்கே நஞ்சாயிற்று. காலையில் டேங்கில் இருந்தது செத்த ஈஸ்ட். ஃபிளாஸ்கில் இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு வராது, ஈஸ்ட் குறைவு, குலுக்கினாலே காற்று கலந்துவிடும்.

அந்த வரியை யாரும் படிக்கவில்லை. ஆபரேட்டரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதும் இல்லை. பெரிய டேங்குக்குப் போவது உற்பத்திப் பிரிவின் வேலை என்று ஆய்வாளர்கள் ஒதுங்கினார்கள். ரகம் சரியில்லை என்று உற்பத்திக்காரர்கள் கைகழுவினார்கள். ஃபிளாஸ்கோடு ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்ற நினைப்பைப் போல இந்தத் தொழிலைக் கெடுப்பது வேறில்லை. அமெரிக்க நிறுவனமான ஜெனன்டெக்கின் ஆய்வாளர்களுக்குப் பாக்டீரியா மனித இன்சுலினைத் தந்தது 1978-ல். எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் பெருந்தொட்டிகளைக் கடந்து அது மருந்தாக அனுமதி பெற்றது 1982-ல். சாந்தாவுக்கே பின்னாளில் ஓர் அடி விழுந்தது. ஐந்து நோய்களுக்கான ஷான்5 தடுப்பூசியின் குப்பிகளில் வெள்ளை வண்டல் ஒட்டியதால் 2010-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியை, அதாவது ஐ.நா. அமைப்புகள் வாங்குவதற்கான தரச் சான்றை, இழந்தார்கள். அதைத் திரும்பப் பெறும்போது 2014.

லைசென்ஸ் வாங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் வாங்கி வரும் ரகமும் உங்கள் டேங்கில்தான், உங்கள் கம்ப்ரசர் தரும் காற்றில்தான் வளர வேண்டும். இதைக் கணக்கு தெரிந்த தலைவரிடம் கணக்காகவே சொல்லுங்கள். இன்னும் மூன்று பேட்ச் மட்டும் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் எதைச் சோதிக்கிறீர்கள், எந்த அளவுக்குக் கீழே விளைச்சல் போனால் நீங்களே திட்டத்தை மூடுவீர்கள் என்று முன்கூட்டியே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

அதற்கு முன், தோற்ற மூன்று பேட்ச்சுகளின் ரெக்கார்டுகளையும் எடுத்து வையுங்கள். தலைவரையும் இரவு ஷிஃப்ட் ஆபரேட்டரையும் பக்கத்தில் உட்காரவைத்து, மெத்தனால் விடத் தொடங்கிய மணியிலிருந்து வரிவரியாகப் படியுங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.