மகளின் நோட்டில் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் படம்

கேள்வி: என் மகள் முதுகலை சமூகப்பணி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் பேசுவதற்கு, ‘ஆப்பிரிக்காவில் பால்புதுமையினர் உரிமைக்குப் போராடிய தலைவர்கள்’ என்று தலைப்பு எடுத்திருக்கிறாள். பால்புதுமையினர் என்றால் தன்பால் ஈர்ப்புள்ளவர்கள், திருநர் போன்றவர்களாம். அவள் நோட்டில் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் படத்தை ஒட்டி, கீழே ‘காஷா’ என்று எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவள் அப்பா, “வெள்ளைக்காரன் பழக்கத்தை ஆப்பிரிக்காவில் பரப்பினவங்களைப் பத்தி நம்ம பொண்ணு ஏன் பேசணும்?” என்று சத்தம் போட்டார். அன்றிலிருந்து அவள் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. ‘இவளும் அப்படித்தானோ’ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தலைப்பை மாற்றச் சொல்லட்டுமா? டாக்டரிடம் கூட்டிப் போகட்டுமா? பெயர் போட வேண்டாம்.
– ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

இந்தப் பகுதிக்கு இந்த விஷயமாகப் பிள்ளைகள்தான் அதிகம் எழுதுவார்கள், வீட்டுக்குத் தெரியாமல். ஒரு தாயிடமிருந்து கடிதம் வருவது அபூர்வம். தூக்கம் கெட்ட நிலையிலும் உட்கார்ந்து எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி.

உங்கள் பயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த நோட்டில் இருக்கும் பெண் யார் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் பல வாரங்களாக யாரோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

காஷா ஜாக்குலின் நபகெசெரா உகாண்டாக்காரர். 1980இல் பிறந்தவர். பெண்களை நேசிக்கும் பெண் என்பதைச் சின்ன வயதிலிருந்தே மறைக்கத் தெரியாதவர். அதனால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாற வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்திலும் வெளியேற்றப் பார்த்தார்கள். அவருடைய அம்மா நேரில் போய்க் கெஞ்சி மன்றாடிய பிறகுதான் படிப்பைத் தொடர விட்டார்கள், அதுவும் நிபந்தனைகளோடு. பெண்பிள்ளை மாதிரி உடுத்த வேண்டும். தினமும் அலுவலகத்துக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டும். மாணவியர் விடுதிப் பக்கம் நெருங்கக் கூடாது. ஒரு தாய் தன் பெண்ணுக்காக அந்த அலுவலக வாசலில் நின்ற காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மகளின் மனதை அவர் முழுக்கப் புரிந்துகொண்டிருந்தாரா என்பது வேறு விஷயம். போய் நின்றார். அந்தப் பெண் படித்து முடித்தாள். 2003இல், இருபத்து மூன்று வயதில், உகாண்டாவில் பெண்களை நேசிக்கும் பெண்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினாள்.

2010 அக்டோபரில் உகாண்டா தலைநகர் கம்பாலாவின் ஒரு சிறு பத்திரிகை, தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் என்று சொல்லிச் சிலரின் படங்களையும் பெயர்களையும் வெளியிட்டது. சிலருடைய வீட்டு முகவரியும் இருந்தது. முகப்பிலேயே ‘தூக்கில் போடுங்கள்’ என்று போட்டிருந்தார்கள். காஷா, அவரோடு போராடிய டேவிட் காட்டோ, ஜூலியன் பெப்பே ஒன்சீமா மூவரும் பயந்து ஒளியவில்லை, வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரி 3ஆம் தேதி உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆளுக்கு 15 லட்சம் உகாண்டா ஷில்லிங் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

மூன்று வாரம் கழித்து, ஜனவரி 26ஆம் தேதி, டேவிட் காட்டோ தன் வீட்டிலேயே சுத்தியலால் அடித்துக் கொல்லப்பட்டார். பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர்.

அவருடைய அடக்கம் சொந்த ஊரில் நடந்தது. அங்கே வந்த பாதிரியார், இறந்தவரின் பெட்டிக்கு முன்னாலேயே அவரைப் போன்றவர்களைக் கண்டித்துப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். நண்பர்கள் ஒலிவாங்கியைப் பிடுங்கினார்கள். ஊர்க்காரர்கள் பெட்டியைத் தொட மறுத்தார்கள். கடைசியில் நண்பர்களே தோளில் சுமந்துபோய் அடக்கம் செய்தார்கள். அந்தக் குழிக்கருகே நின்று ஜெபம் செய்தவர் கிறிஸ்டோபர் சென்யோன்ஜோ என்ற வயதான ஆயர். ஒதுக்கப்பட்ட இளைஞர்களுக்கு ஆறுதல் சொல்லப் போய், தன் திருச்சபையாலேயே ஒதுக்கப்பட்டவர் அவர். நம் ஊரில் எவ்வளவு பகை இருந்தாலும் சாவு வீட்டுக்குப் போய்ப் பாடைக்குத் தோள் கொடுப்பார்கள். அதுகூட ஒருவருக்கு மறுக்கப்பட்டது என்பதைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. உங்கள் மகள் இதைப் படித்திருப்பாள், சகோதரி. இரண்டு நாள் முகம் வாடித்தான் இருந்திருப்பாள்.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்கு வருவோம். ‘வெள்ளைக்காரன் பழக்கம்’ என்றார். அவர் கோபத்தில் சொன்னாலும் இது பலரும் நம்பிச் சொல்வதுதான், ஆப்பிரிக்க அரசியல்வாதிகளும் சொல்கிறார்கள். ஆனால் வெள்ளைக்காரன் கொண்டுவந்து இறக்கியது தன்பால் உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தை. நம்மை 2018 வரை ஆட்டிவைத்த 377ஆம் பிரிவு 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, இல்லையா? அதே இந்தியச் சட்டத்தைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் எடுத்துப்போய் அமல்படுத்தினார்கள். பிறகு அந்த நாடுகளுக்கென்று தனிச் சட்டம் எழுதியபோதும் ‘இயற்கைக்கு மாறான’ என்ற அந்த வார்த்தை கூடவே போனது. 2023இல் மொரீஷியஸ் உச்ச நீதிமன்றம் தன் நாட்டின் இதேபோன்ற பிரிவை ஒதுக்கியபோது இதைத்தான் சொன்னது: இது எங்கள் மண்ணின் விழுமியம் அல்ல, காலனி ஆட்சி விட்டுப்போனது என்று. தமிழர்களும் பல தலைமுறையாக வாழும் தீவு அது.

போட்ஸ்வானாவில் இதேபோன்ற சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர் இருபத்தோரு வயதுக் கல்லூரி மாணவர். உங்கள் மகளைவிடச் சின்னவராகக்கூட இருக்கலாம். 2019இல் அவருக்குச் சாதகமாக வந்த தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. அந்த 2018 தீர்ப்பு எழுதப்பட்டபோது நம் நீதிபதிகள் இதேபோன்ற சட்டத்தை நீக்கிய தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பார்த்திருக்கிறார்கள். ஆக, ‘அவர்கள் கதை நமக்கு எதற்கு’ என்று சொல்ல முடியாத அளவுக்கு இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. இதை உங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்து, சாவகாசமாக இருக்கும்போது சொல்லிப் பாருங்கள். வாதம் செய்வதற்காக இல்லை, தகவலாக.

தென்னாப்பிரிக்கா என்றதும் சைமன் நிகோலியைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தத் தலைவர்களில் என் மனதுக்கு மிக நெருங்கியவர் அவர்தான்.

1957இல், ஜோகன்னஸ்பர்க் அருகே கறுப்பர்கள் வாழ்ந்த சொவேட்டோவில் பிறந்தவர். கறுப்பர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓர் இடத்தில் தங்கினாலே கைது செய்யும் காலம் அது. போலீஸ் கதவைத் தட்டும்போது, சிறுவன் சைமன் தன் பெற்றோரைத் துணி அலமாரிக்குள் விட்டுப் பூட்டி மறைப்பாராம். பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். தன்னைப் பற்றிய உண்மையை வெளியே சொல்வதை ஆங்கிலத்தில் அலமாரியிலிருந்து வெளியே வருவது என்பார்கள். அவருக்கு அது வெறும் சொல்வழக்கு இல்லை. பெற்றவர்களையே உள்ளே வைத்துப் பூட்டிய கை அது.

தன் மனதை வீட்டில் சொன்னபோது அவர் அம்மா என்ன செய்தார் தெரியுமா? பாதிரியாரிடம் கூட்டிப்போனார். நாட்டு வைத்தியர்களிடம் கூட்டிப்போனார். கடைசியில் உளவியலாளரிடமும் போனார்கள். எந்த ஊரிலும் தாய் தாய்தான். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். யாராலும் அவரை மாற்ற முடியவில்லை, மாற்ற எதுவும் இல்லை என்பதால்.

1984இல் நிறவெறி அரசு அவரைப் பிடித்து, மற்ற போராளிகளோடு சேர்த்துத் தேசத்துரோக வழக்குப் போட்டது. தூக்குவரை போகக்கூடிய வழக்கு. சிறையில் இருந்தபோது தான் யார் என்பதைத் தோழர்களிடம் சொன்னார். சிலருக்கு ஆத்திரம், இவரோடு ஒரே கூண்டில் நிற்க மாட்டோம், தனியாக விசாரிக்கட்டும் என்றார்கள். பேசிப் பேசி, கடைசியில் சேர்ந்தே நின்றார்கள். 1988இல் விடுதலையானார். 1990 அக்டோபர் 13ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் பெவர்லி டிட்சி போன்ற தோழர்களோடு சேர்ந்து தென்னாப்பிரிக்காவின் முதல் பெருமைப் பேரணியை, அதாவது தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் தலைநிமிர்ந்து நடக்கும் ஊர்வலத்தை, நடத்தினார். வேலை போய்விடும், வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயத்தில் சிலர் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். நான் கறுப்பன், தன்பால் ஈர்ப்புள்ளவன், இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியாது என்று நிகோலி அங்கே பேசினார்.

சிறையில் அவரோடு இருந்தவர்கள் பின்னாளில் ஆட்சிக்கு வந்தார்கள். நிறவெறியை ஒழிக்கத் தோள் கொடுத்த ஒருவனை நாமே எப்படி ஒதுக்குவது என்ற கேள்வி அவர்களில் சிலருக்கு மறக்கவில்லை. பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு கூடாது என்று உலகிலேயே முதன்முதலில் அரசியல் சாசனத்தில் எழுதிவைத்த நாடு தென்னாப்பிரிக்கா. நிகோலி 1998 நவம்பர் 30ஆம் தேதி எய்ட்ஸ் நோயால் இறந்தார். சரியாக எட்டு வருடம் கழித்து, 2006 நவம்பர் 30ஆம் தேதி, அந்த நாட்டில் ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கான சட்டம் அமலுக்கு வந்தது.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடி முடியவில்லை. சியரா லியோனின் ஃபேனி ஆன் எடி, 2004 ஏப்ரலில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் முன் பேசினார். நாங்கள் இல்லவே இல்லை என்று எங்கள் தலைவர்கள் மறுப்பதுதான் எங்களை ஆபத்தில் தள்ளுகிறது என்றார். அதே வருடம் செப்டம்பரில் தன் அமைப்பின் அலுவலகத்தில் கொல்லப்பட்டார். சிறு மகன் இருந்தான் அவருக்கு. உகாண்டாவில் 2023இல் வந்த சட்டம் ஆயுள் தண்டனைவரை, சில சூழலில் மரண தண்டனைவரை போகிறது. மறு வருடம் அரசியல் சாசன நீதிமன்றமும் அதைப் பெருமளவு அப்படியே விட்டுவிட்டது. உங்கள் மகள் பேசப்போவது பழைய கதையை இல்லை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன்.

இந்தத் தலைப்பை எடுத்ததாலேயே அவள் ‘அப்படி’ என்று ஆகிவிடாது. கேமரூனில் ஆலிஸ் நிகோம் என்ற வழக்கறிஞர் இருக்கிறார், 1945இல் பிறந்தவர். அந்நாட்டின் பிரெஞ்சு மொழிப் பகுதியில் வழக்கறிஞரான முதல் கறுப்பினப் பெண் அவர். இன்னொரு ஆணுக்குக் காதல் குறுஞ்செய்தி அனுப்பியதற்காக மூன்று வருடச் சிறை பெற்ற இளைஞர் ஒருவருக்காக வாதாடியவர். கொலை மிரட்டல்கள் வந்தும் இந்த வழக்குகளை விடவில்லை. அவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் இல்லை. அநியாயம் பொறுக்காதவர், அவ்வளவுதான். உங்கள் மகளும் அப்படி இருக்கலாம்.

இல்லை, நீங்கள் பயப்படுவது போலவே இருக்கலாம். அதை அவள்தான் சொல்ல வேண்டும், அவளுக்குத் தோன்றும் நாளில். “நீ அப்படியா?” என்று கேட்காதீர்கள். போனைத் துழாவாதீர்கள். டாக்டரிடம் போக வேண்டாம், இது நோய் இல்லை. ‘மாற்றித் தருகிறேன்’ என்று சொல்லும் எவரிடமும் போகவே போகாதீர்கள். அப்படிப்பட்ட முயற்சிகளை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தது. அதன் வழிகாட்டுதலில்தான், அப்படிச் செய்யும் மருத்துவர்கள் தொழில் ஒழுக்கம் மீறியவர்கள் என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்றால், நீங்கள் மட்டும் ஒரு நல்ல மனநல ஆலோசகரிடம் போய்ப் பேசுங்கள். அதில் தப்பே இல்லை.

கென்ய எழுத்தாளர் பின்யவாங்கா வைனைனா 2014இல் தன்னைப் பற்றிய உண்மையை உலகத்துக்குச் சொன்னார். சொன்ன விதம்தான் மனதை அறுக்கிறது. பதிநான்கு வருடத்துக்கு முன்பே இறந்துபோன அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சொல்வதாகக் கற்பனை செய்து எழுதினார். ஐந்து வயதிலிருந்தே தெரியும் என்றார். அம்மா உயிரோடு இருந்தவரை வாய் வரவில்லை.

நீங்கள் பக்கத்து அறையில்தானே இருக்கிறீர்கள், சகோதரி.

தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். இன்று ராத்திரி தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது அவளைக் கூப்பிட்டு, “அந்தக் காஷாவோட அம்மா யூனிவர்சிட்டிக்குப் போய்க் கெஞ்சினாங்களாமே, நிஜமா?” என்று கேளுங்கள். அவள் ஆச்சரியப்பட்டு நிமிர்ந்து பார்ப்பாள். சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். கருத்தரங்குக்கு முந்தின நாள், உங்கள் முன்னால் ஒருமுறை முழுசாகப் பேசிக் காட்டச் சொல்லுங்கள். நபகெசெரா, சென்யோன்ஜோ என்று அந்தப் பெயர்களை அவள் வாய் தடுமாறாமல் சொல்லிப் பழக ஒரு ஆள் வேண்டும். அப்பாவும் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டு இருக்கட்டும். காதில் விழும்.