கற்பனைக் காவியத்தில் ஒரு நாடோடிக் குலம் நோக்கமிழந்து தேய்வதற்கு நம்பத்தகுந்த காரணம் என்ன?

போரோ சாபமோ இல்லாமல் ஒரு நாடோடிக் குலம் நலிவது சாத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடை வடசென்னையிலேயே இருக்கிறது. 1856-இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. அதற்கு முன்பு கடலோர உப்பைப் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி, உள்நாட்டில் தானியத்துக்கு மாற்றிவந்த குறவர் போன்ற குலங்களின் பிழைப்பை, தண்டவாளங்களும் ஆங்கிலேயரின் உப்புக் கொள்கையும் சேர்ந்து சிறுகச் சிறுகப் பறித்தன. தொழில் போன பின்னும் அலைந்தவர்கள் மீது சந்தேகம் விழுந்தது. சில குலங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

ஆகவே உங்கள் குலத்தை வாளால் வீழ்த்தாதீர்கள் (அதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள்). நல்லெண்ணம் கொண்ட மன்னன் ஒருவன் பள்ளத்தாக்கின் குறுக்கே பாலம் கட்டட்டும். எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்றறிந்த கிழவியிடம் வழி கேட்க ஆளில்லாமல் போகட்டும். அவள் பேரன் மாட்டின் கழுத்துமணியைக் கழற்றிச் சந்தையில் விலை பேசட்டும். குலத்தில் ஒரு சாரார் பாலத்தின் சுங்கச்சாவடியில் கூலிக்குச் சேர, மற்றவர்கள் அவர்களோடு பெண் கொடுத்து எடுக்க மறுத்தால், அடுத்த அத்தியாயத்துக்கான சண்டை தானாகவே வந்துவிடும்.