ஐடி திறன் கூடினால் வணிகக் கூட்டாளிகளோடு உறவு பலப்படுமா?

பலப்படும். ஆனால் சாஃப்ட்வேர் வாங்கியதால் மட்டும் இல்லை. சப்ளை செய்யும் நிறுவனம் ஒன்றில் பல வருடம் ஆர்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரு தரப்பும் ஒரே கணக்கைப் பார்க்கிறார்களா என்பதுதான் முக்கியம்.

விற்பனை கொஞ்சம் கூடினால் கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று சேர்த்துக் கேட்பார். மொத்த வியாபாரி அதன்மேல் இன்னும் கூட்டுவார். ஆலைக்கு வந்து சேரும்போது அது பெரிய அலையாகிவிடும். இதற்கு புல்விப் விளைவு என்று பெயர். பி அண்ட் ஜி என்ற அமெரிக்க நுகர்பொருள் நிறுவனம் இதைத் தன் பாம்பர்ஸ் டயப்பரில் கண்டது. குழந்தைகளின் தேவை ஏறக்குறைய ஒரே சீராக இருக்க, ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்கியது. 1980களின் இறுதியில் அந்த நிறுவனமும் அமெரிக்கச் சில்லறைக் கடைச் சங்கிலியான வால்மார்ட்டும் விற்பனைத் தரவைப் பகிரத் தொடங்கின. அதுவரை இருவருக்கும் ஒத்துப்போனதில்லை. 1991-ல் வால்மார்ட் தன் மற்ற சப்ளையர்களுக்கும் ரீடெயில் லிங்க் என்ற கணினி அமைப்பு மூலம் அந்தத் தரவைத் திறந்துவிட்டது.

எங்களுக்கு இது எளிதாக வரவில்லை. ஒரு பெரிய வாடிக்கையாளரின் சிஸ்டத்தோடு எங்களுடையதை இணைத்த முதல் மாதமே 240 பீஸ் கேட்ட ஆர்டருக்கு 240 பெட்டி போய்விட்டது. அவர்கள் பீஸ் கணக்கில் எழுத, எங்கள் சிஸ்டம் பெட்டியாக எடுத்துக்கொண்டது. தப்பு யாருடையது என்று இரு பக்கமும் சண்டை. கடைசியில் அவர்கள் பக்கத்து ஆள் ஒருவரும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு ஐட்டம் கோடையும் அளவையும் ஒப்பிட்டுச் சரிசெய்தோம். அப்புறம் எதை மாற்றுவதானாலும் முதலில் ஒரு போன் வரும். எங்களுக்குள் நம்பிக்கை வந்தது அந்த இரண்டு நாளில்தான்.

இதில் ஆபத்தும் உண்டு. ஒரே வாடிக்கையாளருக்காகக் கட்டிய இணைப்பு இன்னொருவருக்கு உதவாது. அதனால் சிறிய தரப்புதான் விலை பேசும்போது வளைந்துகொடுக்க வேண்டியிருக்கும். பாதுகாப்பும் அப்படித்தான். 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைச் சங்கிலியில் சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் நுழைந்தது குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரரின் லாகின் வழியாக.

ஆகவே ஒருவரோடு சிஸ்டத்தை இணைக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். அவர்கள் எந்தத் தரவை நமக்குக் காட்டுவார்கள், நம் ஆட்களுக்கு எது வரை அனுமதி, இணைப்பு அறுந்தால் அந்தப் பக்கம் போனை எடுப்பது யார்.